கார் ஆக்சிடெண்ட்ல அடிபட்டா இன்சூரன்ஸ் க்ளெய்ம்: கேஷுவாலிட்டி சீட்டுல ஆரம்பிச்சு கோர்ட் பணம் கைக்கு வர்ற வரைக்கும்

2023 பொங்கல் லீவு முடிஞ்சு என் தம்பி அவன் ஃப்ரெண்டோட கார்ல திருச்சில இருந்து சென்னைக்கு வந்துட்டு இருந்தான், உளுந்தூர்பேட்டை தாண்டி கொஞ்ச தூரத்துல இடது பக்கம் வந்த ஒரு சிவப்பு கார் இண்டிகேட்டரே போடாம உள்ள ஏறி இடிச்சுது, இவங்க வெள்ளை கார் அப்படியே தள்ளிட்டுப் போய் மீடியன்ல மோதி நின்னுச்சு. தம்பி முன் சீட்ல இடது பக்கம் உக்காந்திருந்தான், சீட் பெல்ட் போட்டிருந்ததால தலை தப்பிச்சுது, இடது கால் முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் உடைஞ்சிடுச்சு. அவன் ஏசி மெக்கானிக். ஏணியில ஏறி அவுட்டோர் யூனிட் மாட்டுற வேலை. கால் போச்சுன்னா பொழப்பே போச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், வக்கீல் ஆபீஸ், கோர்ட்டுன்னு ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சது நான்தான். அப்ப எனக்கு யாராவது இதை வரிசையா உக்கார வச்சு சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும், அதனாலதான் நீளமா இருந்தாலும் பரவாயில்லன்னு எழுதுறேன். தமிழ்நாட்டுல நடக்குற விபத்துக்கு சொல்றேன், சட்டம் இந்தியா முழுக்க ஒண்ணுதான், ஆனா ஆபீஸ் நடைமுறை இங்க நான் பாத்தது.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். பணம் எவ்வளவு கிடைக்கும், கிடைக்குமா கிடைக்காதாங்கறது கோர்ட்ல முடிவாகுறதா நாம நினைச்சுட்டு இருக்கோம், ஆனா பாதி முடிவு முதல் ரெண்டு மூணு நாள்ல யாரோ ஒருத்தர் அவசரத்துல எழுதுற நாலு வரியில ஆகிடுது.

ஸ்பாட்ல

108க்கு கூப்பிடுங்க, அதான் முதல் வேலை. கூட்டம் கூடி ஆளாளுக்கு இழுத்து வெளிய தூக்குவாங்க, கழுத்து முதுகு வலிக்குதுன்னு சொல்றவங்களை அவசரப்பட்டு அசைக்க விடாதீங்க, வண்டி தீப்பிடிக்கிற மாதிரி இருந்தா மட்டும் வேற. உதவி பண்றவங்களும் பயப்பட வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துல 134ஏ பிரிவுன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, நல்ல எண்ணத்துல தூக்கிட்டுப் போனவங்க மேல கேஸ் போட முடியாது, அவங்க பேர் அட்ரஸ் கொடுத்தே ஆகணும்னு கட்டாயப்படுத்தவும் முடியாது.

யாராவது ஒருத்தர் நிதானமா இருந்தா ஃபோட்டோ எடுக்கணும். இடிச்ச வண்டியோட நம்பர் பிளேட், ரெண்டு வண்டியும் நின்ன நிலைமை, ரோட்ல டயர் தேய்ஞ்ச தடம், கண்ணாடி சிதறின இடம், பக்கத்துல கிலோமீட்டர் கல் இருந்தா அது, எதிர்ல கடை ஹோட்டல் பங்க் இருந்தா அதோட போர்டு (கேமரா எங்க இருந்துச்சுன்னு அப்புறம் தேடறதுக்கு). அந்த சிவப்பு கார்க்காரர் ரெண்டு நிமிஷம் நிறுத்தி "சாரி ப்ரோ"ன்னு சொல்லிட்டு கிளம்பிட்டாரு, அதுக்குள்ள தம்பியோட ஃப்ரெண்டு நம்பர் பிளேட்டை ஒரு ஃபோட்டோ எடுத்துட்டான். அந்த ஒரு ஃபோட்டோ இல்லன்னா எங்க கேஸே இல்ல.

எதிர் பார்ட்டி அங்கயே கைல அஞ்சாயிரம் பத்தாயிரம் கொடுத்து "கேஸ் எல்லாம் வேணாங்க பேசி முடிச்சுக்கலாம்"னு சொன்னா வாங்காதீங்க, எதுலயும் கையெழுத்தும் போடாதீங்க. அன்னைக்கு வெறும் வீக்கம்னு நினைச்சது மறுநாள் எக்ஸ்ரேல ஃபிராக்சர்னு வரும்.

ஆஸ்பத்திரில எழுதுற அந்த நாலு வரி

கேஷுவாலிட்டில உள்ள போனதும் டியூட்டி டாக்டர் ஒரு புக்ல எழுதுவாரு, அதுதான் ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர், எல்லாரும் ஏ.ஆர். காப்பின்னு சொல்றது இதைத்தான். யாரு, எத்தனை மணிக்கு, யார் கூட்டிட்டு வந்தாங்க, எங்க எப்படி அடிபட்டுச்சு, என்னென்ன காயம். எப்படி அடிபட்டுச்சுங்கறதை டாக்டர் நேர்ல பாத்தா எழுதுறாரு? இல்ல, பக்கத்துல நிக்கிறவங்க சொல்றதை எழுதுறாரு.

தம்பியை ஆம்புலன்ஸ்ல கூட வந்து சேர்த்தது ரோட்டோரம் டீக்கடைல நின்ன ஒரு புண்ணியவான், அவர் ஓடி வந்தப்போ சிவப்பு கார் போயாச்சு, மீடியன்ல மோதி நின்ன வெள்ளை காரை மட்டும்தான் பாத்திருக்காரு. டாக்டர் கேட்டதும் அவர் பாத்ததைச் சொல்லியிருக்காரு, "கார் மீடியன்ல மோதிடுச்சு சார்". அப்படியே ஏ.ஆர்.ல ஏறிடுச்சு. இன்னொரு கார் இடிச்சதுங்கற ஒரு வார்த்தை கூட அதுல இல்ல. தம்பி அப்ப வலியில அரை மயக்கத்துல இருந்தான், நான் போய் சேரவே நாலு மணி நேரம் ஆச்சு, எனக்கு அப்படி ஒரு புக் இருக்குறதே தெரியாது.

அதனால அடிபட்டவரு பேசற நிலைமைல இருந்தா அவரே சொல்லணும், இல்லன்னா சொந்தக்காரங்க முதல்ல டாக்டர்கிட்ட போய் நடந்தது இதுன்னு தெளிவா சொல்லணும்: எந்த ஊர்கிட்ட, எத்தனை மணிக்கு, இவங்க வந்தது எந்த வண்டி, இடிச்சது எந்த வண்டி, நம்பர் தெரிஞ்சா நம்பர். "வழுக்கி விழுந்துட்டாரு", "தானா விழுந்துட்டாரு"ன்னு போலீஸ் கேஸுக்கு பயந்து சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, தயவு செஞ்சு சொல்லாதீங்க, அந்த ஒரு வரியை வச்சே இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் மொத்த கேஸையும் உடைக்கப் பாப்பாரு. தப்பா எழுதிட்டாங்கன்னு தெரிஞ்சா அடிச்சுத் திருத்தச் சொல்லாதீங்க, அது இன்னும் மோசம், போலீஸ்ல கொடுக்குற புகார்லயும் வாக்குமூலத்துலயும் சேர்த்தவர் யாரு, அவர் எதைப் பாத்தாரு எதைப் பாக்கலன்னு விளக்கமா சொல்லி வச்சுடுங்க.

செலவு பத்தி ஒரு விஷயம். தமிழ்நாட்டுல 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, லிஸ்ட்ல உள்ள அரசு தனியார் ஆஸ்பத்திரிகள்ல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், வெளி மாநிலத்துக்காரங்களுக்கும் உண்டு. அது போக மத்திய அரசு 2025 மே மாசம் கொண்டுவந்த கேஷ்லெஸ் திட்டத்துல ஒரு ஆளுக்கு 1.5 லட்சம் வரைக்கும், விபத்து நடந்த நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும் சிகிச்சை. அட்மிட் ஆகும்போதே "இந்த ஸ்கீம்ல இந்த ஆஸ்பத்திரி இருக்கா"ன்னு கேளுங்க, பில் போட்டப்புறம் கேட்டா பிரயோஜனம் இல்ல.

போலீஸ்

ஆஸ்பத்திரில இருந்து ஸ்டேஷனுக்கு தகவல் போகும், போலீஸ் வந்து அடிபட்டவர்கிட்ட ஸ்டேட்மெண்ட் வாங்கும், அதை வச்சு எஃப்.ஐ.ஆர். ஆகும். இது தானா நடக்கும்னு உக்காந்துடாதீங்க. நாங்க நாலு நாள் கழிச்சுதான் புகார் கொடுத்தோம், ஆபரேஷன் டென்ஷன்ல யாருக்கும் தோணல. அந்த நாலு நாள் தாமதத்தையும் அப்புறம் கோர்ட்ல கேட்டாங்க. தாமதம் ஆனா ஏன் ஆச்சுன்னு புகார்லயே ஒரு வரி எழுதுங்க, "ஆபரேஷன் நடந்ததால் உடனடியாக வர முடியவில்லை"ன்னு இருந்தாலே போதும்.

வேற ஸ்டேஷன் லிமிட்னு சொல்லி அலைய விட்டா, எந்த ஸ்டேஷன்லயும் எஃப்.ஐ.ஆர். போடலாம்னு இப்ப பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு பதிலா வந்தது) 173லயே இருக்கு, அப்புறம் அவங்க மாத்தி அனுப்பிக்குவாங்க. சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கிக்கிட்டதுக்கான சீட்டு) மட்டும் கொடுத்து அனுப்பினா அதோட விட்டுடாதீங்க, அது எஃப்.ஐ.ஆர். கிடையாது. தம்பி கேஸ்ல பழைய ஐ.பி.சி. 279, 338. 2024 ஜூலைக்கு அப்புறம் நடந்த விபத்துன்னா பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்கு பதிலா வந்த புது சட்டம்) 281, கூட 125ஏ இல்ல 125பி, உயிர் போயிருந்தா 106. 125பின்னா கொடுங்காயம், எலும்பு முறிஞ்சாலே பல் உடைஞ்சாலே கொடுங்காயம்தான். ஆஸ்பத்திரில கொடுக்குற காய சர்டிபிகேட்ல 'கிரீவியஸ்'னு இருக்கா 'சிம்பிள்'னு இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, எக்ஸ்ரே பாக்கறதுக்கு முன்னாடியே சிம்பிள்னு எழுதிடறது நடக்குது.

2022ல வந்த மோட்டார் வாகன விதிப்படி போலீஸ் 48 மணி நேரத்துல முதல் விபத்து அறிக்கையை க்ளெய்ம்ஸ் ட்ரிபியூனலுக்கும் (விபத்து நஷ்டஈடு கேஸை விசாரிக்கிற கோர்ட்) இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும், 50 நாள்ல இடைக்கால அறிக்கை, 90 நாள்ல விரிவான அறிக்கை. சுப்ரீம் கோர்ட்டும் 2022 டிசம்பர்ல இதைக் கறாரா நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கு. நடைமுறைல விசாரணை அதிகாரியை நாமதான் பத்து நாளைக்கு ஒரு தடவை மரியாதையா கேட்டுக்கிட்டே இருக்கணும், சண்டை போட்டா வேலை நடக்காது.

ஸ்டேஷன் பக்கத்துல இருந்து நமக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர்., ரஃப் ஸ்கெட்ச், பார்வை மகஜர் (போலீஸ் விபத்து இடத்தைப் பாத்து எழுதுற குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட், கடைசில சார்ஜ் ஷீட். இதெல்லாம் தமிழ்நாடு போலீஸோட சிட்டிசன் போர்ட்டல்ல கட்டணம் கட்டி டவுன்லோட் பண்ணவும் வழி இருக்கு. ஆய்வாளர் ரிப்போர்ட்டை, அதான் நம்ம ஊர்ல பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்னு சொல்றது, அதை யாரும் ஒழுங்கா படிக்கறது இல்ல. எங்களைக் காப்பாத்தினது அதுதான். வெள்ளை காரோட டேமேஜ் லிஸ்ட்ல ஏழாவது ஐட்டமா "இடது முன் கதவு உள்வாங்கியுள்ளது, சிவப்பு வண்ணப் படிவு காணப்படுகிறது"ன்னு ஒரு வரி. மீடியன் கார்க்கு வலது பக்கம் இருக்கு, அடி இடது கதவுல, அதுல சிவப்பு பெயிண்ட். ஏ.ஆர்.ல இல்லாத காரை அந்த பெயிண்ட் தடம் சாட்சி சொல்லிடுச்சு. அதனாலதான் சொல்றேன், இன்ஸ்பெக்ஷன் முடியற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்க, கழுவாதீங்க, மெக்கானிக் ஷெட்டுக்கு விடாதீங்க.

எந்த இன்சூரன்ஸ், யார்கிட்ட கேக்கறது

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. ஒரே விபத்துல நாலு வகை இன்சூரன்ஸ் வரலாம்.

இடிச்ச வண்டியோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், இதுதான் காயத்துக்கு பெரிய பணம் வர்ற வழி, காயத்துக்கு இதுல உச்சவரம்பு கிடையாது. (நம்ம வண்டி சேதத்துக்கு அவங்க தேர்ட் பார்ட்டில கேட்டா 7.5 லட்சம்தான் லிமிட்.) நம்பர் இருந்தா பரிவாகன் வெப்சைட்ல (மத்திய அரசோட வண்டி விவரம் பாக்கற தளம்) இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும் இருக்குன்னு பாத்துடலாம்.

ரெண்டாவது, நாம வந்த காரோட இன்சூரன்ஸ். ஓட்டினவர் தப்புலயே அடிபட்டிருந்தா, கூட உக்காந்து வந்தவங்க அந்தக் கார் இன்சூரன்ஸ்ல கேக்கலாம், ஆனா அது பேக்கேஜ் பாலிசியா (சொந்த வண்டி சேதத்துக்கும் சேர்த்து போடற முழு பாலிசி) இருக்கணும், வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா சொந்தக் கார்ல சும்மா கூட வந்தவங்களுக்கு கவர் வராது. 2012ல பாலகிருஷ்ணன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இந்த வித்தியாசத்தைத் தெளிவா சொல்லியிருக்கு. கார் வச்சிருக்கவங்க, ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சம்னு பேக்கேஜை விட்டுட்டு தேர்ட் பார்ட்டி மட்டும் போடறதுக்கு முன்னாடி, உங்க கார்ல உங்க அம்மாவும் பசங்களும் உக்காந்து வர்றதை நினைச்சுப் பாருங்க.

மூணாவது, காரை ஓட்டின ஓனருக்கு உள்ள 15 லட்சம் பர்சனல் ஆக்சிடெண்ட் கவர். இதுல உயிரிழப்பு, கை கால் கண் போறது, நிரந்தர முழு ஊனம் இதுக்குத்தான் பணம், கால் உடைஞ்சு கட்டு போட்டதுக்கு இதுல வராது. நாலாவது நம்ம சொந்த மெடிக்ளெய்ம். மெடிக்ளெய்முக்கு ஒரிஜினல் பில் கொடுத்துட்டா கோர்ட்டுக்கு ஒரிஜினல் இருக்காது, கொடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் காப்பி எடுத்து, எவ்வளவு செட்டில் ஆச்சுங்கற லெட்டரும் வாங்கி வச்சுக்குங்க, மறைக்காதீங்க.

எங்க வக்கீல் மேடம் பண்ணின புத்திசாலித்தனமான வேலை என்னன்னா, சிவப்பு கார் ஓனர், அதோட இன்சூரன்ஸ், வெள்ளை கார் ஓனர், அதோட இன்சூரன்ஸ் நாலு பேரையும் எதிர்மனுதாரரா போட்டாங்க. எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு, தம்பியோட ஃப்ரெண்டு மேல ஏன் கேஸ்னு. மேடம் பொறுமையா சொன்னாங்க, "ஏ.ஆர்.ல மீடியன்ல மோதினதா இருக்கும்மா, அவங்க உங்க ஃப்ரெண்டு மேலதான் தப்புன்னு சொல்லுவாங்க, சொல்லட்டும், அப்ப இந்த இன்சூரன்ஸ் கொடுக்கணும், ரெண்டுல யார் மேல தப்பா இருந்தாலும் பக்கத்துல உக்காந்திருந்த உன் தம்பி மேல தப்பு இல்ல." ரெண்டு டிரைவர் மேலயும் தப்புன்னு வந்தாலும் பயணி யார்கிட்ட இருந்து வேணா முழுப் பணத்தையும் வாங்கலாம்னு 2015ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இருக்கு. ஃப்ரெண்டுகிட்ட விஷயத்தைச் சொல்லிப் புரிய வச்சோம், பேக்கேஜ் பாலிசி இருந்ததால அவன் கைல இருந்து ஒரு ரூபாயும் போகாது.

இடிச்ச வண்டியே தெரியலன்னா, ஹிட் அண்ட் ரன்னுக்கு தனி ஸ்கீம், 2022 ஏப்ரல்ல இருந்து கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். அதுக்கு கோர்ட் வேணாம், விபத்து நடந்த ஏரியா வருவாய்த்துறை ஆர்.டி.ஓ. இல்ல தாசில்தார் ஆபீஸ்ல கொடுக்கணும். லைசென்ஸ் கொடுக்குற ஆர்.டி.ஓ. ஆபீஸ் இல்ல, நிறைய பேர் அங்க போய் நின்னுட்டு திரும்பி வர்றாங்க. இடிச்ச டிரைவர்கிட்ட லைசென்ஸே இல்லன்னாலும் மனசு உடைய வேணாம், அந்த மாதிரி கேஸ்ல இன்சூரன்ஸ் கம்பெனி நமக்குக் கொடுத்துட்டு ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு கோர்ட் சொல்றது வழக்கம். வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லன்னாதான் கஷ்டம், ஓனர்கிட்ட நேரா வசூலிக்கணும்.

கார் ரிப்பேர் தனிக் கதை, சுருக்கமா சொல்றேன். பேக்கேஜ் பாலிசி இருந்தா உடனே கம்பெனிக்கு ஃபோன் பண்ணி க்ளெய்ம் நம்பர் வாங்குங்க, சர்வேயர் பாக்கற வரைக்கும் எதையும் கழட்டக் கூடாது, பிளாஸ்டிக் ரப்பர் டயர் பேட்டரிக்கு பாதிதான் தருவாங்க, ரிப்பேர் செலவு ஐ.டி.வி.ல (பாலிசில வண்டிக்குப் போட்டிருக்குற மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினா டோட்டல் லாஸ். இதுல தகராறுன்னா கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து 30 நாள் பாத்துட்டு சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற குறைதீர்ப்பு அதிகாரி) இலவசமா போகலாம், 50 லட்சம் வரைக்கும். ஆனா அடுத்தவர் வண்டி இன்சூரன்ஸ்ல காயத்துக்குக் கேக்கறது அங்க போகாது, அது ட்ரிபியூனல்தான்.

வக்கீல்

கேஷுவாலிட்டி வாசல்லயே ஆள் வரும். "சார் நம்ம வக்கீல் இருக்காரு, செலவே இல்ல, வர்றதுல பாதி கொடுத்தா போதும்"னு. எங்ககிட்டயும் வந்தாங்க, தம்பி ஸ்ட்ரெச்சர்ல கிடக்கும்போதே வெத்துப் பேப்பர்ல கைநாட்டு கேட்டாங்க. வெத்துப் பேப்பர்ல வெத்து வக்காலத்துல கையெழுத்து போட்டுடாதீங்க. வர்ற பணத்துல இவ்வளவு பர்சென்ட்னு ஃபீஸ் பேசறது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு. எம்.சி.ஓ.பி. கேஸ் (அதான் விபத்து நஷ்டஈடு மனு) தொடர்ந்து நடத்துற வக்கீலா பாத்து நேர்ல போங்க, ஃபீஸை ஒரு தொகையா பேசி எழுதி வாங்குங்க. வசதி இல்லாதவங்க கோர்ட்லயே இருக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்கள், குழந்தைங்க, எஸ்.சி. எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பாக்காமயே இலவச வக்கீல் உண்டு, 15100க்கு ஃபோன் பண்ணாலும் சொல்லுவாங்க.

மனு போடறது, கெடு

மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவுல மனு. விபத்து நடந்த ஊர், நீங்க குடியிருக்குற ஊர், எதிர் பார்ட்டி இருக்குற ஊர், இதுல எங்க வேணா போடலாம். சென்னைன்னா ஹைகோர்ட் வளாகத்துல உள்ள சிறுவழக்கு நீதிமன்றம், மத்த ஊர்ல மாவட்ட கோர்ட், சப் கோர்ட். அடிபட்டவரு ஆஸ்பத்திரிக்கு சென்னைல போய்ட்டு வந்துட்டு இருக்கும்போது உளுந்தூர்பேட்டை பக்கம் வாய்தாவுக்கு அலைய வேண்டியது இல்ல.

2022 ஏப்ரல்ல இருந்து விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும். முன்னாடி கெடுவே இல்ல, அந்தப் பழைய நினைப்புல "கால் சரியாகட்டும் அப்புறம் பாக்கலாம்"னு விட்டவங்களை எனக்கே தெரியும். இந்த ஆறு மாச கெடு செல்லுமான்னு சுப்ரீம் கோர்ட்ல கேஸ் இருக்கு, அதை நம்பி உக்காராதீங்க, அஞ்சாவது மாசத்துக்குள்ள போட்டுடுங்க. சிகிச்சை முடியணும்னு அவசியம் இல்ல, பில் எல்லாம் அப்புறம் சேர்த்துக்கலாம்.

164வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, யார் மேல தப்புன்னு நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம். சீக்கிரம் வரும்னு ஆசை காட்டுவாங்க, ஆனா அதை ஏத்துக்கிட்டா 166 மனு அதோட முடிஞ்சுடும். சின்ன ஃபிராக்சர், ரெண்டு மாசத்துல பழையபடி வேலைக்குப் போயாச்சு, தப்பு யார் மேலன்னு நிரூபிக்கவும் கஷ்டம்னா அது பரவாயில்ல. எங்களுக்கு அது சரிப்படல, ஏன்னு அடுத்த கணக்கைப் பாத்தா தெரியும்.

எவ்வளவு கேக்கலாம், கணக்கு எப்படி

ஆஸ்பத்திரி பில், ஆட்டோ டாக்ஸி செலவு, கூட இருந்து பாத்துக்கிட்டவங்களுக்கு, சத்தான சாப்பாட்டுக்கு, வேலைக்குப் போகாத மாசங்களோட வருமானம், வலி வேதனைக்கு, இனிமே வரப்போற ஆபரேஷன் செலவுக்குன்னு தனித்தனி தலைப்புல கேக்கறது. இதெல்லாம் சேர்ந்தாலும் பெரிய தொகை இது இல்ல. நிரந்தர ஊனத்தால சம்பாதிக்கற திறன் எவ்வளவு குறைஞ்சுது, அதுலதான் பெரிய தொகை.

மெடிக்கல் போர்டு தம்பிக்கு 30 சதவீதம் ஊனம்னு சர்டிபிகேட் கொடுத்தாங்க. அது காலோட கணக்கு. கோர்ட் பாக்கறது அந்த ஊனத்தால இந்த ஆளோட இந்த வேலை எவ்வளவு பாதிக்குதுங்கறது, 2010ல ராஜ்குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதை நல்லா விளக்கியிருக்கு. அதே கால் உடைஞ்சவரு ஆபீஸ்ல உக்காந்து வேலை செய்யறவர்னா வருமான இழப்பே இல்லன்னு சொல்லி, ஒரு சதவீதத்துக்கு சில ஆயிரம்னு பெருக்கி 30 சதவீதத்துக்கு ஒரு லட்சம் ஒன்றரை லட்சத்துல முடிச்சுடலாம். ஏணி ஏறுறவன் கதை வேற. தம்பி வேலை செய்யற வீடியோவும், மாடி சுவத்துல தொங்கிட்டு யூனிட் மாட்டுற பழைய ஃபோட்டோக்களும், கூட வேலை பாத்தவர் சாட்சியும் கொடுத்தோம், இப்ப அவன் தரைல உக்காந்து சர்வீஸ் மட்டும்தான் பண்றான், இன்ஸ்டாலேஷனுக்கு கூப்பிடறதே இல்லன்னு. கோர்ட் 20 சதவீதம் வருமான இழப்புன்னு எடுத்துக்கிச்சு.

வருமானத்துக்கு சம்பள சீட்டு கிடையாது. ஜிபே ஸ்டேட்மெண்ட், கம்ப்ரஸர் கேஸ் வாங்கின கடை பில், ஐ.டி.ஐ. சர்டிபிகேட் வச்சு மாசம் 25,000னு கேட்டோம், 18,000 எடுத்துக்கிட்டாங்க. எந்த ஆதாரமும் இல்லாத காய்கறி வியாபாரிக்கே மாசம் 6,500 வருமானம்னு 2014ல சையது சாதிக் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கிச்சு, அந்த விபத்து நடந்தது 2008ல. அதனால ஆதாரம் இல்லன்னு பேசாம இருந்துடாதீங்க.

இப்ப கணக்கு. 18,000 கூட எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் (சொந்தத் தொழில், 40 வயசுக்குக் கீழ) சேர்த்தா 25,200. வருஷத்துக்கு 3,02,400. அவனுக்கு 29 வயசு, வயசைப் பொறுத்து வருஷ வருமானத்தை ஒரு எண்ணால பெருக்குவாங்க, 26ல இருந்து 30 வயசு வரைக்கும் அந்த எண் 17. (31 முதல் 35க்கு 16, 36 முதல் 40க்கு 15, அப்படியே வயசு ஏற ஏற குறையும், 2009 சரளா வர்மா கேஸ் டேபிள்.) பெருக்கினா 51,40,800. அதுல 20 சதவீதம் 10,28,160. ஒரே ஒரு சதவீதம் குறைஞ்சா 51,408 ரூபாய் போச்சு. 164ல கிடைக்கிற 2.5 லட்சத்தை நாங்க ஏன் வேணாம்னோம்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

அதனால ஃபைல். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ், எக்ஸ்ரே ஃபிலிம் (ரிப்போர்ட் மட்டும் இல்ல, ஃபிலிமே), பிளேட் ஸ்க்ரூ வச்சதோட ஸ்டிக்கர், பிசியோதெரபி சீட்டு ஒவ்வொண்ணும், மருந்து பில்லும் அதுக்கு டாக்டர் எழுதின சீட்டும் சேர்த்து. தெர்மல் பேப்பர் பில் ஆறு மாசத்துல வெள்ளையாகிடும், வாங்கின அன்னைக்கே ஜெராக்ஸ் எடுங்க. எனக்கு 11,000 ரூபாய்க்கு மேல பில் அப்படியே அழிஞ்சு போச்சு.

கோர்ட்ல

தம்பி கூண்டுல ஏறின அன்னைக்கு நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தேன். இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியை நீட்டினாரு. "இதுல இருக்குறது உங்க பேர்தானே?" "ஆமாங்க." "கார் மீடியன்ல மோதியதால்னு இருக்கு, சிவப்பு கார்னு எங்கயாவது இருக்கா காட்டுங்க." தம்பி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இல்லைங்க"ன்னான். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அப்புறம் மேடம் சொல்லி வச்ச மாதிரியே நிதானமா சொன்னான், "சேர்த்தவரு இடிச்சதைப் பாக்கலைங்க, நின்னதைத்தான் பாத்தாரு, கதவுல பெயிண்ட் இருக்குறது ஆய்வாளர் ரிப்போர்ட்ல இருக்குங்க." தெரியாததை தெரியாதுன்னு சொல்லணும், தெரிஞ்சதை மட்டும் சொல்லணும், கேள்வி முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, இதை வீட்ல பத்து தடவை பேசிட்டுப் போங்க.

நடுவுல லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) பேசி முடிக்கலாம்னு கூப்பிடுவாங்க. சீக்கிரம் முடியும்ங்கறது உண்மை, ஆனா அங்க ஒத்துக்கிட்டா அப்பீல் கிடையாது. மேல சொன்ன கணக்கை உங்க கேஸுக்குப் போட்டுப் பாத்துட்டு, எவ்வளவுக்குக் கீழ இறங்க மாட்டோம்னு வீட்லயே முடிவு பண்ணிட்டுப் போங்க. எங்களுக்கு முதல் தடவை 4 லட்சம் சொன்னாங்க. வேணாம்னுட்டு வந்துட்டோம்.

தீர்ப்பு வந்தப்புறம் மனு போட்ட நாள்ல இருந்து வட்டியும் சேரும், எங்களுக்கு 7.5 சதவீதம். குறைவா இருக்குன்னு தோணினா 90 நாளுக்குள்ள ஹைகோர்ட்ல அப்பீல் போகலாம், தென் மாவட்டங்களுக்கு மதுரை கிளை. கம்பெனியும் அப்பீல் போகலாம். பேங்க் பாஸ்புக், ஆதார், பான் மூணுலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு கேஸ் நடக்கும்போதே பாத்து சரி பண்ணிடுங்க, எங்களுக்கு ஒரு இனிஷியல் மாறினதுக்கே ஏழு வாரம் இழுத்துச்சு.

பிளேட் எடுக்குற ஆபரேஷன் இந்த வருஷம்தான் நடந்துச்சு. டாக்டர்கிட்ட முன்னாடியே எஸ்டிமேட் எழுதி வாங்கி 'எதிர்கால மருத்துவச் செலவு'ன்னு மனுவுல சேர்த்திருந்ததால அந்தப் பணம் தீர்ப்புலயே வந்திருந்துச்சு, கவுன்ட்டர்ல கட்டறதுக்கு யார்கிட்டயும் கடன் கேக்கல. எடுத்த ஸ்க்ரூ ஒம்பதையும் ஒரு சின்ன டப்பால போட்டுக் கொடுத்தாங்க, தம்பி அதை டூல் பாக்ஸ்ல வச்சிருக்கான்.